படித்துவிட்டுப் பேசுவோம்

முகநூலில் ஒருவருக்கு அதிகபட்சம் 5,000 நண்பர்கள்தான் இருக்க முடியும். தமிழில் எழுதுகிறவர்களில் அந்த எல்லையைத் தொட்டு, இடம் போதாமல் இரண்டாவது கணக்குத் தொடங்கியவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஓர் எழுத்தாளரின் சிறுகதைத் தொகுப்பு வெளிவரும்போது முதல் பதிப்பு 300 பிரதி போடலாமா, 200 போதுமா என்று பதிப்பாளர் தயங்குகிறார். அட்டைப்படத்தைப் பகிர்ந்த அன்று ‘வாழ்த்துகள் தோழர்’, ‘அருமை’, ‘சிறப்பு’ என்று வந்து குவிகின்றன. ஆறு மாதம் கழித்து, அந்தத் தொகுப்பில் எந்தக் கதை நின்றது, எது சறுக்கியது என்று சொல்ல ஓர் ஆள் கிடைப்பதில்லை. எழுதுகிறவரின் தனிமை அங்கேதான் தொடங்குகிறது. நண்பர் எண்ணிக்கை கூடுவதால் அது குறைவதாகத் தெரியவில்லை.

பழியை முழுவதும் சமூக ஊடகத்தின் மேல் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். அது பாதிதான் சரி. மீதிப் பாதி நம்மிடம் இருக்கிறது. ஒருவர் எழுதியதைப் படிக்காமலேயே அவரோடு உறவு வைத்துக்கொள்ள முடியும் என்று நம்பத் தொடங்கிவிட்டோம்.

முன்பின் பார்த்திராதவர்கள் எழுத்தின் வழியாக நெருங்குவது இணையம் கொண்டுவந்த புதுமை இல்லை. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே இலங்கையின் திருகோணமலையிலிருந்து இருபது வயதை ஒட்டிய ஓர் இளைஞரின் கவிதை அதில் அச்சானது. தருமு சிவராமு என்ற அந்த இளைஞர்தான் பின்னாளில் பிரமிள். திருவல்லிக்கேணியில் இருந்த ஆசிரியருக்கும் திருகோணமலையில் இருந்த இளைஞருக்கும் நடுவில் இருந்தவை கடலும் தபால்தலையும் மட்டுமே. விமர்சகர் வெங்கட் சாமிநாதன் வடக்கே மத்திய அரசு வேலையில் இருந்துகொண்டு அதில் எழுதினார். கவிஞர் ந. பிச்சமூர்த்தியோ ‘மணிக்கொடி’ இதழ்க் காலத்து மூத்தவர். ஊர், வயது, வேலை எதிலும் ஒட்டாத இவர்களை ஒரே இடத்தில் சேர்த்தது, புதுக்கவிதை என்பது கவிதைதானா என்ற தீராத வழக்கு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் உன்னிப்பாகப் படித்தார், மறுத்தார், பாராட்டினார். பதிலுக்கு அடுத்த இதழ்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1962இல் ‘எழுத்து’ கவிதைகளின் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு 24 கவிஞர்களோடு வந்தபோது, மூன்றே ஆண்டுகளில் ஒரு தலைமுறை கைகோத்திருந்தது.

அந்த உறவுகள் இனிமையாகவே முடிந்தன என்று சொல்ல வரவில்லை. பிரமிளும் வெங்கட் சாமிநாதனும் நெருங்கிப் பழகி, பிற்பாடு கடுமையாகப் பகைத்துக்கொண்டது ஊரறிந்த கதை. ஆனால் அந்தப் பகைக்கும் ஆதாரம் படிப்பு. எதிராளி என்ன எழுதினார் என்பது இருவருக்கும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. இன்று ஒரு கட்டுரையின் தலைப்பை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு இரண்டு நாள் அடித்துக்கொள்கிறோமே, அதில் சண்டைக்குரிய மரியாதைகூட இல்லை.

தமிழ் இணையத்தின் தொடக்க காலத்தில் இந்தப் படிப்பு இருந்தது. எழுத்துரு ஒத்துவராமல் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் அது. இருந்தும் ‘மரத்தடி’, ‘ராயர் காப்பி கிளப்’ போன்ற யாஹூ குழுமங்களில் ஒரு கதையைப் போட்டால் சிங்கப்பூரிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் ஆட்கள் உட்கார்ந்து அலசினார்கள். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ அன்றன்றைக்கு எழுதப்பட்ட வலைப்பதிவுகளை ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டியது. மூத்த எழுத்தாளரும் நேற்று எழுதத் தொடங்கியவரும் அங்கே ஒரே வரிசையில் நின்றார்கள். வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக முன்னால் நிறுத்தியது அது.

என்னை மிகவும் கவர்ந்தது ‘வலைச்சரம்’ என்ற வலைப்பதிவு வைத்திருந்த ஏற்பாடு. வாரத்துக்கு ஒரு பதிவர் அதற்கு ஆசிரியர். அந்த வாரம் முழுவதும் மற்றவர்களின் பதிவுகளை அறிமுகம் செய்வதுதான் அவர் வேலை. பத்துப் பேரை அறிமுகப்படுத்த ஐம்பது பேரையாவது படித்தாக வேண்டும். தன்னையே காட்டிக்கொள்ள விரும்பும் ஒருவரை ஒரு வாரத்துக்கு வாசகராக மாற்றிவிடும் அந்த எளிய ஏற்பாட்டுக்கு இணையாக, பெரிய நிறுவனங்கள் எதுவும் தமிழுக்கு ஒன்றும் செய்யவில்லை என்பது என் எண்ணம்.

அப்போதே நோயும் இருந்தது. படிக்காமலேயே முதல் ஆளாக வந்து ‘மீ த ஃபர்ஸ்ட்டு’ என்று பின்னூட்டம் போட்டுவிட்டு ஓடுவார்கள். நான் உன் பதிவுக்கு வந்தேன், நீ என் பதிவுக்கு வா என்ற கணக்கைப் பதிவர்களே ‘மொய்’ என்று அழைத்தார்கள். பொருத்தமான பேர். கல்யாண வீட்டில் மொய் எழுதுவதற்கு ஒரு நியாயம் உண்டு. அந்தப் பணம் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறது. எழுத்துக்கு வைக்கும் மொய் எழுதியவரை எங்கேயும் நிறுத்துவதில்லை. அடுத்த கதையை எப்படி எழுதுவது என்பதற்கு அதில் ஒரு துப்பும் கிடையாது.

2009இல் முகநூல் கொண்டுவந்த லைக் பொத்தான் இந்த மொய்யை ஒரு விரல் அசைவாகச் சுருக்கியது. பிறகு நடந்தவை இன்னும் கவலைக்குரியவை. 2017இல் எமோஜி ஒன்றுக்கு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்துப் பதிவுகளை வரிசைப்படுத்தியது அந்த நிறுவனம். கோபக்குறிக்கும் அதே மதிப்புதான். 2018 ஜனவரியில், மனிதர்களுக்கிடையே அர்த்தமுள்ள உரையாடலை வளர்க்கப்போகிறோம் என்று அறிவித்து வரிசைமுறையை மறுபடி மாற்றினார்கள். அந்த மாற்றம் ஆத்திரமூட்டும் பதிவுகளுக்கே தீனி போடுகிறது என்று உள்ளே இருந்த ஊழியர்களே எச்சரித்த ஆவணங்கள் 2021இல் வெளிவந்தன. நிதானமாக எழுதிய ஒரு நூல் மதிப்புரை இருபது பேரைத் தாண்டாமல் கிடக்க, ஒரு வசவு இரண்டாயிரம் பேரைப் போய்ச் சேர்வதற்கு இப்படிக் காரணம் இருக்கிறது. எழுதுகிறவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோபம்தான் எடுபடுகிறது என்று தப்பாகப் புரிந்துகொண்டு, தன் எழுத்தையே அதற்கேற்ப வளைக்கத் தொடங்கிவிடுவார். அப்படி வளைந்துபோன நல்ல கைகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கிறது.

சரி, மெய்யான தொடர்பு எப்படி இருக்கும்? எனக்குத் தெரிந்த ஒரு சிறுகதையாளர் பனையேறி ஒருவரைப் பற்றிக் கதை எழுதி இணைய இதழில் வெளியிட்டார். பாராட்டுகள் வந்தன. நாலைந்து நாள் கழித்து மஸ்கட்டில் வேலைபார்க்கும் உடன்குடிப் பக்கத்துக்காரர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ‘அண்ணே, கதையில் கலயத்தைக் கழுவி அப்படியே பாளையில் கட்டுகிறார். உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் இறங்குவது பதநீர் இல்லை, கள். எங்க அப்பாவுக்குச் சுண்ணாம்பு பட்டுப் பட்டு விரல் நுனி வெடித்தே கிடக்கும். சோறு பிசையும்போது முகம் சுளிப்பார்’ என்று எழுதியிருந்தார். கதையில் பிடித்த இடம் எது என்றும் இரண்டு வரி சொல்லியிருந்தார். தொகுப்பாக வந்தபோது அந்தப் பனையேறி விரல் வெடித்த கையோடு சோறு பிசைந்தார். கதை அங்கே உயிர் பெற்றது. உடன்குடிக்காரர்தான் இப்போது அந்த எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதிக்கு முதல் வாசகர். இருவரும் நேரில் சந்தித்ததில்லை.

அந்தக் கடிதத்தில் இருந்ததை எந்தப் பொத்தானாலும் அனுப்ப முடியாது. நீளமாக எழுதியதால் வந்த மதிப்பும் இல்லை அது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ஒரு கதையைக் கொடுத்தால் நாலு பத்திப் பாராட்டை நொடியில் எழுதித் தந்துவிடுகிறது. நீளமான புகழ்ச்சியும் மலிந்துவிட்ட காலத்தில், வாசகர் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொடுக்கும் ஒரு விவரம்தான் அவர் படித்தார் என்பதற்குச் சாட்சி. அதேபோல, அதற்கு எழுத்தாளர் எழுதும் பதிலும் ‘நன்றி, மகிழ்ச்சி’ என்று முடிந்துவிடக் கூடாது. சுண்ணாம்பை எப்போது தடவுவார்கள், எவ்வளவு தடவுவார்கள் என்று அந்தச் சிறுகதையாளர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் உறவு தொடங்கியது.

இன்னொரு வகை நெருக்கம் சேர்ந்து வேலைசெய்வதில் வருகிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். ஒருவர் தட்டச்சு செய்ததை வேறொரு நாட்டில் இருந்தவர் பிழைதிருத்தினார். மின்னூலின் முதல் பக்கத்தில் இருவர் பெயரும் இருக்கும். ஒருவரின் ஒற்றுப்பிழையை வரிவரியாகப் பார்த்துத் திருத்தியவரைவிட அவரை அறிந்தவர் யார்? தமிழ் விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னாலும் உள்ள உரையாடல் பக்கங்களைப் புரட்டினாலும் இதைக் காணலாம். இலங்கைத் தமிழரும் தமிழ்நாட்டுத் தமிழரும் ஒரு கலைச்சொல்லுக்காக மல்லுக்கட்டி, ஒரு முடிவுக்கு வந்து, அடுத்த கட்டுரைக்குப் போயிருப்பார்கள்.

ஒரு நூலை நடுவில் வைத்து வாசகர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்வதும் நடக்கிறது. ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை 26 நாவல்களாக இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வந்தது. அன்றைய அத்தியாயத்தைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்கள் அவர் தளத்திலேயே வெளியாயின. புதுச்சேரியில் மாதந்தோறும் அதற்கென்றே கூடிப் பேசினார்கள். எழுத்தாளர் எதிரில் இல்லாமலே வாசகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடிந்ததைத்தான் இதில் முக்கியமாகக் கருதுகிறேன். எந்த எழுத்தாளரைச் சுற்றி உருவாகும் வட்டமானாலும் அதற்கு ஓர் ஆபத்து உண்டு. உள்ளே இருப்பவர் மாற்றுக்கருத்துச் சொல்லத் தயங்கும் நாளில் அது முகாமாகிவிடுகிறது. அதன்பிறகு அங்கே வாசிப்பு நடக்காது, காவல்தான் நடக்கும்.

நெருக்கம் என்ற பெயரில் நடக்கும் தொல்லையையும் சொல்லியாக வேண்டும். இணையத்தில் எழுதும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கவிதை வெளியான அரை மணி நேரத்தில் இன்பாக்ஸில் ‘ஹாய் மா’, ‘சாப்டாச்சா?’ என்று வரத் தொடங்கிவிடும். கவிதையைப் பற்றி ஒரு சொல் இருக்காது. பதில் சொல்லாவிட்டால் திமிர் என்று பட்டம். இதற்குப் பயந்தே பின்னூட்டப் பகுதியைப் பூட்டிவைத்தவர்கள், புனைபெயருக்குள் போய்விட்டவர்கள் பலர். எழுதியவரின் வாழ்க்கைக்குள் நுழைவதற்குக் கவிதை அனுமதிச்சீட்டு ஆகாது. பொதுவெளியில் கவிதையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லாதவருக்குத் தனிச்செய்தியில் சொல்லவும் ஒன்றுமில்லை.

சக எழுத்தாளர்களிடையே இருக்கும் சங்கடம் வேறு. நண்பரின் நாவல் சரியாக வரவில்லை என்று எப்படிச் சொல்வது? பெரும்பாலோர் அட்டைப்படத்தைப் பகிர்ந்துவிட்டு மௌனமாகிவிடுகிறார்கள். அந்த மௌனம் நண்பருக்குப் புரியாமல் இருப்பதில்லை. பாராட்ட வேண்டியதைப் பொதுவில் பெயர் சொல்லிப் பாராட்டுவதும், குறையைத் தொலைபேசியில் அழைத்துப் பக்க எண்ணோடு சொல்வதும் நட்புக்குச் செய்யும் நன்மை. முன்பின் தெரியாத இளையவரின் முதல் கதையைப் பற்றி மூத்தவர் ஒருவர் அரைப் பக்கம் எழுதினால், அது அந்த இளையவரைப் பத்தாண்டு எழுதவைக்கும்.

இந்த உறவுகளை எந்தக் கூரையின் கீழ் வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். யாஹூ 2019 இறுதியில் குழுமங்களில் சேர்ந்திருந்தவற்றை அழிக்கத் தொடங்கி, 2020 டிசம்பரில் குழுமங்களையே மூடிவிட்டது. யாராவது எடுத்துச் சேமித்துவைத்தவை தவிர, ஆண்டுக்கணக்கான தமிழ் உரையாடல்கள் போயின. முகநூலுக்கும் ஒரு நாள் இதே கதி வரலாம். நல்ல கடிதங்களையும் பதில்களையும் எழுதுகிறவர்கள் தங்கள் சொந்தத் தளத்திலோ கணினியிலோ படியெடுத்து வைத்துக்கொள்வது இன்றே செய்ய வேண்டிய காரியம்.

இணைய இதழ்கள் நினைத்தால் வலைச்சரத்தின் முறையைத் திரும்பக் கொண்டுவரலாம். மாதம் ஓர் எழுத்தாளர், அந்த மாதம் பிற இதழ்களில் வந்த கதைகளைப் படித்து ஐந்தைப் பற்றி எழுதட்டும். கிளை நூலகங்களில் வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. அங்கே பட்டிமன்றத்துக்கு ஒதுக்கும் மேடையில் ஒரு மாலையை இணையத்தில் வந்த ஒரே ஒரு சிறுகதைக்குக் கொடுக்கலாம். ஒரு மாதம் முன்பே கதையின் சுட்டியை அறிவித்துவிட வேண்டும். படித்துவிட்டு வந்தவர்கள் மட்டும் பேசட்டும். எழுத்தாளர் மேடையில் ஏறாமல் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து முதல் அரை மணி நேரம் கேட்கட்டும். பொன்னாடையும் வாழ்த்துரையும் வேண்டாம்.