நேர்கோடும் மலைப்பாதையும்

வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பாருங்கள்: சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 14 கிலோமீட்டர்தான். பேருந்தோ 20 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடி, 1,000 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. அதே நேரத்தில், ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் கிளம்பும் விமானம் 265 கிலோமீட்டர் தள்ளியுள்ள சென்னையில் இறங்கிவிடும்! மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்தால் 32 நிமிடமே வரும். மீதி நேரம் ஓடுபாதையிலும் ஏறி இறங்குவதிலும் போகிறது.

ஆகவே சேர்வராயன் மலைச் சிற்றூர்களுக்கு மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்பதைக் கிலோமீட்டரில் சொல்வது தவறு என்பேன். நிமிடத்தில் சொல்ல வேண்டும். பாம்புக் கடிபட்டவருக்கு நேர்கோட்டுக் கணக்கால் என்ன பயன்? உங்கள் ஊருக்கும் ஒரு நிமிட வரைபடம் வரைந்து பாருங்கள். கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று.