அண்ணன் அமெரிக்காவில்... அலைச்சல் கும்மிடிப்பூண்டியில்!

வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் அமெரிக்காவில் சிட்டிசன் ஆகிவிட்டார். இளையவர் சிப்காட்டில் ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் பக்கம் இப்படிப்பட்ட வீடுகளில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. அண்ணன் ஃபாரம் நிரப்புவார். தம்பி வெயிலில் நிற்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வரும். "டேய், அப்பா அம்மாவுக்கு க்ரீன் கார்டு அப்ளை பண்ணிடலாம்னு இருக்கேன். சிம்பிள்தான். ஒண்ணு ரெண்டு சர்டிஃபிகேட் மட்டும் நீ பார்த்துக்கோ."

அந்த 'ஒண்ணு ரெண்டு' எத்தனை கேஷுவல் லீவைச் சாப்பிடும் என்பது அனுபவித்த தம்பிகளுக்குத் தெரியும். இந்த வாரம் அவர்களுக்காகவும், இனிமேல் அனுபவிக்கப் போகிறவர்களுக்காகவும்!

முதலில் சட்டம். அமெரிக்கக் குடிமகனுக்கு 21 வயது ஆகியிருந்தால் பெற்றோருக்காக மனு போடலாம். ஐ-130 என்று பெயர். பெற்றோர் என்பது அவர்கள் கணக்கில் மிக நெருங்கிய உறவு. வருஷத்துக்கு இத்தனை பேர்தான் என்ற கோட்டா கிடையாது. அதே அண்ணன் பாசம் பொங்கித் தம்பிக்காக மனு போட்டால்? இந்தியர்களுக்கு அந்த க்யூ கிட்டத்தட்ட இருபது வருஷம். நீங்கள் போய் இறங்கும்போது உங்களை ஏர்போர்ட்டில் அழைத்துப் போக அண்ணனின் பேரன் வருவான்.

அப்பா அம்மாவுக்குக் க்யூ இல்லையே தவிர, காகிதம் உண்டு. அம்மாவுக்காக மனு என்றால் அண்ணனின் பர்த் சர்டிஃபிகேட் வேண்டும். அப்பாவுக்காக என்றால் அதோடு அப்பா-அம்மா கல்யாணச் சான்றிதழும் வேண்டும். எழுபதுகளில் கோயிலில் தாலி கட்டியவர்கள் யார் போய் ரிஜிஸ்டர் செய்தார்கள்? தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற சட்டம் வந்ததே 2009-ல்தான். ஆகவே, அறுபதாம் கல்யாணமும் முடிந்த தம்பதி முதல் கல்யாணத்தைப் பதிவு செய்ய சார்பதிவாளர் ஆபீஸ் படியேறுவார்கள். பழைய கல்யாணப் பத்திரிகையைப் பரணில் தேடியவனும் தம்பிதான். பெற்றவர்கள் கல்யாணத்துக்கு ஓடியாடி வேலை செய்யும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

அடுத்தது அப்பாவின் பிறப்பு. நாடு முழுமைக்குமான பிறப்பு-இறப்புப் பதிவுச் சட்டமே 1969-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் பிறந்த பலருக்கு, கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொட்ட அன்றைக்கு ஹெட்மாஸ்டர் எழுதி வைத்ததுதான் பிறந்த தேதி. அமெரிக்காக்காரன் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்புக்கொள்ள மாட்டான். 'பதிவேட்டில் இவர் பெயர் இல்லை' என்று அதிகாரியிடம் ஒரு சான்று வாங்க வேண்டும். அதாவது, இல்லை என்பது உண்டு என்பதற்கு அத்தாட்சி! அதோடு, அப்பா பிறந்தது தெரிந்த பெரியவர்களின் அஃபிடவிட். அந்தப் பெரியவர் இன்னும் உயிரோடு இருக்க வேண்டும், ஞாபகசக்தியும் இருக்க வேண்டும்.

எங்கே பிறந்தார் என்பது இன்னொரு கூத்து. 1955-ல் திருத்தணியில் பிறந்தவர் அன்றைக்கு ஆந்திர மாநிலம், சித்தூர் மாவட்டத்துக்காரர். ம.பொ.சி. முதலானவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரலில்தான் திருத்தணி நம் பக்கம் வந்தது. கும்மிடிப்பூண்டியில் பிறந்தவர் அப்போது செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல் மாவட்டத்தைப் பிரித்ததில் அவர் திருவள்ளூர்க்காரர் ஆனார். 2019-ல் செங்கல்பட்டு என்ற பெயரில் புதிதாக ஒரு மாவட்டம் வந்தது. அதில் கும்மிடிப்பூண்டி கிடையாது! ஆக, டி.சி.யில் ஒரு மாவட்டம், பாஸ்போர்ட்டில் ஒரு மாவட்டம். அப்பா இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. எல்லைதான் அசைந்தது. இதை அமெரிக்கனுக்கு யார் விளக்குவது?

இதற்கெல்லாம் கலெக்டர் ஆபீஸ் வரை போக நேர்ந்தால், கும்மிடிப்பூண்டிக்காரருக்குத் தலைநகரம் திருவள்ளூர். கும்மிடிப்பூண்டி ரயில் வடக்கே போகும் லைன். திருவள்ளூர் மேற்கே போகும் லைன். ரயிலில் போவதானால் சென்னைக்கு வந்து வண்டி மாறிப் போக வேண்டும். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கும் நடுவில் ஒரு இடத்தில்தான் மாற வேண்டும். கணக்கு ஒன்றுதான்.

பெயர் விவகாரம் தனி. நமக்கு இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், இருக்கிற ஒரே பெயரை அமெரிக்கா குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சடித்துவிடும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். நாற்பது வருஷம் பேக்டரியில் எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மனிதர்!

இன்டர்வியூ சென்னையில் ஜெமினி மேம்பாலம் பக்கத்துத் தூதரகத்தில்தானே என்று கேட்பீர்கள். அங்கே டூரிஸ்ட் விசா உண்டு. குடியேற்ற விசாவுக்கு மும்பை போக வேண்டும். போய், பாஸாகி, அமெரிக்காவில் இறங்கி, கார்டும் கைக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். அண்ணன் கேக் வெட்டுவார். 'அப்பாடா' என்று தம்பி ஒரு நாள் தூங்குவார்.

அசல் கதை அங்கேதான் ஆரம்பம்.

கார்டில் பத்து வருஷம் என்று போட்டிருக்கும். உடனே நம் ஆட்கள் அதைப் பத்து வருஷ பஸ் பாஸ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இஷ்டப்பட்டபோது ஏறலாம், இஷ்டப்பட்டபோது இறங்கலாம் என்று. அது பாஸ் இல்லை சார், வீட்டு விலாசம். 'இனிமேல் நான் குடியிருப்பது அமெரிக்காவில்' என்று அப்பா சத்தியம் செய்து வாங்கிய காகிதம்.

ஆகவே நாள் கணக்கு உண்டு. தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தால், திரும்பும்போது புதிதாக வருகிறவரைப் போல நிறுத்திக் கேள்வி கேட்கலாம். ஒரு வருஷம் தாண்டினால் அந்தக் கார்டை மட்டும் காட்டி உள்ளே நுழைய முடியாது. 'ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய் முகத்தைக் காட்டினால் போதும்' என்று பக்கத்து வீட்டு மாமா சொல்வார். நம்பாதீர்கள். நாளை மட்டுமல்ல, நிஜமான குடித்தனம் எங்கே என்பதையும் அவர்கள் பார்ப்பார்கள். வீடு, பென்ஷன், பேங்க், டாக்டர் எல்லாம் கும்மிடிப்பூண்டியில், வருஷத்தில் மூன்று வாரம் மட்டும் டெக்ஸஸ் என்றால் பதில் சொல்வது கஷ்டம்.

நம் ஊர் பி.எஃப். ஆபீஸ் வருஷத்துக்கு ஒரு தடவை லைஃப் சர்டிஃபிகேட் கேட்கிறது. அதாவது, 'உயிரோடு இருக்கிறீர்களா?' அமெரிக்கா கேட்பது, 'எங்கே உயிரோடு இருக்கிறீர்கள்?' இரண்டுக்கும் அப்பா பதில் சொல்லியாக வேண்டும்.

2020-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் 23-லிருந்து வெளிநாட்டு விமானங்களை நிறுத்தினார்கள். வழக்கமான சர்வீஸ் திரும்பியது 2022 மார்ச் 27-ல். நடுவில் சிறப்பு விமானங்கள் இருந்தன. ஆனால் எழுபது வயதில், கொரோனா காலத்தில், முகமூடியோடு இருபது மணி நேரம் யார் அனுப்புவார்கள்? ஒரு வருஷம் தாண்டியவர்கள் 'திரும்பி வரும் குடியிருப்பாளர்' என்ற எஸ்.பி.-1 விசா கேட்டு, 'திரும்பும் எண்ணத்தோடுதான் வந்தேன், தாமதம் என் கையில் இல்லை' என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

இந்தத் தொல்லைக்கு மருந்துதான் ரீ-என்ட்ரி பர்மிட். படிவம் ஐ-131. தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஒன்று, அமெரிக்காவில் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். அம்மா ஊருக்கு வந்து இறங்கிய பிறகு, "டேய், அதை மறந்துட்டேன்டா" என்று அண்ணன் போன் செய்தால் பிரயோஜனம் இல்லை. கைரேகைக்கு அழைத்தால் அதையும் அங்கேயே இருந்து கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் டிக்கெட் போடாதீர்கள்.

இரண்டு, பர்மிட் வர மாதக்கணக்காகும். அது வரும்வரை அங்கேயே காத்திருக்க வேண்டாம். வெளிநாட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் வாங்கிக்கொள்வதாகப் படிவத்திலேயே கேட்கலாம்.

மூன்று, அதிகபட்சம் இரண்டு வருஷம். நீட்டிப்பு கிடையாது. திரும்பிப் போய்ப் புதிதாகத்தான் கேட்க வேண்டும். கடைசி ஐந்து வருஷத்தில் நாலு வருஷத்துக்கு மேல் வெளியிலேயே இருந்தவருக்குப் பொதுவாக ஒரு வருஷம்தான் தருவார்கள்.

நான்கு, அது உத்தரவாதம் இல்லை. ரொம்ப நாள் வெளியே இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காகக் கார்டு போகாது, அவ்வளவுதான். சிட்டிசன் ஆக வேண்டிய ஐந்து வருஷக் கணக்கில் இந்த நாட்கள் சேராது.

பி.காம். படித்தவன் என்பதால் வரியைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. க்ரீன் கார்டு இருக்கும்வரை, அப்பா எங்கே இருந்தாலும், அவருடைய உலக வருமானம் முழுக்க அமெரிக்காவின் கணக்கில் வரும். ரிட்டயர்மென்ட் பணத்தை எஃப்.டி.யில் போட்டு வரும் வட்டி, மாடி போர்ஷன் வாடகை எல்லாம். இங்கே கட்டிய வரியைப் பொதுவாக அங்கே கழித்துக்கொள்ளலாம். ஆனால் கணக்கைக் காட்டியாக வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து வருஷத்தில் ஒரு நாளாவது பத்தாயிரம் டாலரைத் தாண்டினால் அதைத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவுக்குக் கும்மிடிப்பூண்டி பேங்க்தான் வெளிநாடு!

2025 மார்ச் வாக்கில் இன்னொரு சேதி வந்தது. குளிர்காலத்தை இந்தியாவில் கழித்துவிட்டுத் திரும்பும் வயதானவர்களிடம், கார்டை ஒப்படைக்கும் ஐ-407 படிவத்தில் ஏர்போர்ட்டிலேயே கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்கள் என்று குடியேற்ற வழக்கறிஞர்கள் எச்சரித்தார்கள். ஊருக்குக் கிளம்பும் முன் அப்பாவுக்கு ஒன்று சொல்லி வையுங்கள். அந்தக் கையெழுத்து கட்டாயம் இல்லை. மறுத்துவிட்டு, குடியேற்ற நீதிபதி முன்னால் விசாரணை கேட்க உரிமை உண்டு. இருபது மணி நேரப் பயணக் களைப்பில், புரியாத இங்கிலீஷில், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

இவ்வளவு கஷ்டத்துக்கும் ஏன் கார்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்? சில வீடுகளில் காரணம் தம்பியேதான். க்ரீன் கார்டு உள்ள அப்பா, கல்யாணமாகாத மகனுக்கு மனு போடலாம். அதற்கும் பல வருஷக் க்யூ. நடுவில் மகன் கல்யாணம் செய்துகொண்டால் மனு காலி! ஆக, தம்பி வரும் என்ற நம்பிக்கையில் அப்பா அங்கே பனியில், விசா வரும் என்ற நம்பிக்கையில் தம்பி இங்கே பிரம்மச்சரியத்தில். ஆத்தில் ஒரு கால், சேத்தில் ஒரு கால் என்பது இதுதான்.

சிரிப்புக்குச் சொன்னாலும் இதில் பணயம் பெரிசு. முழங்கால் ஆபரேஷனை டாக்டர் தேதியில் செய்யாமல், 180-ஆவது நாளைப் பார்த்துத் தள்ளிப் போடுகிற அப்பாக்கள் இருக்கிறார்கள். இங்கே மகளுக்குப் பிரசவ தேதி, அங்கே கார்டு தேதி என்று காலண்டரைப் பார்த்துக் கண் கலங்குகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். பிள்ளை ஆசையாகச் செய்தது, எப்படி வேண்டாம் என்பது என்று வாயைத் திறக்க மாட்டார்கள். இந்தப் பக்கத்தில் ஒரு அம்மாவை அவருடைய இளைய பிள்ளை கேட்டே விட்டான்.

"ஏம்மா, உனக்கு அமெரிக்கா பிடிச்சிருக்கா?"

"பேரனைப் பார்க்கப் பிடிச்சிருக்குடா. பார்க்கிறது வேற, இருக்கிறது வேற."

அந்தம்மா ஒரு வரியில் சட்டத்தைச் சொல்லிவிட்டார். பார்ப்பதற்கு என்றே ஒரு விசா இருக்கிறது. பி-2. பெரும்பாலும் பத்து வருஷத்துக்குக் கொடுக்கிறார்கள். ஒரு தடவை போனால் வழக்கமாக ஆறு மாதம் வரை இருக்கலாம். வருஷக்கணக்கில் ஊரிலேயே இருந்தாலும் கேட்பாரில்லை, உலக வருமானக் கணக்கும் வேண்டாம். க்ரீன் கார்டு என்பது இருப்பதற்கு. நிஜமாகவே பிள்ளையோடு போய் இருக்க ஆசைப்படும் பெற்றோருக்கு அது நல்ல ஏற்பாடு. அவர்களுக்காக எத்தனை தாலுகா ஆபீஸ் வேண்டுமானாலும் ஏறலாம்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? அப்போதும் வழி இருக்கிறது. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் யோசிக்க அவகாசம் வேண்டும் என்றால் ரீ-என்ட்ரி பர்மிட். இனிமேல் ஊர்தான் என்று முடிவாகிவிட்டால், அதே ஐ-407-ஐ யாரும் மிரட்டாமல், நாமே நிதானமாக அனுப்பி வைத்துவிட்டு, டூரிஸ்ட் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அது தோல்வியில்லை. விசா கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் 'என் வீடு இந்தியாவில்தான்' என்று மனசாரச் சொல்ல முடியும்.

எனவே தம்பிமார்களே, அண்ணன் அடுத்த தடவை "ஒண்ணு ரெண்டு சர்டிஃபிகேட்" என்று ஆரம்பித்தால் கேஷுவல் லீவு எழுதிக் கொடுக்காதீர்கள். போனை ஸ்பீக்கரில் போடுங்கள். அப்பாவையும் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பார்க்கவா, இருக்கவா என்று அண்ணனையே கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்த பிறகு திருவள்ளூருக்குக் கிளம்பலாம்.

எப்படியும் சென்னை போய்த்தானே ரயில் மாறணும். என்ன அவசரம்!