மலிவுப் பெட்டியும் மனித உயிரும்

தோட்டத்து லாண்ட்ரோவர் வண்டியின் டிரான்ஸ்பர் பெட்டி கெட்டுப்போனால் எந்தப் பெட்டியை வாங்கிப் போடுவது? இதெல்லாம் தொழிலாளர் பத்திரிகை பேசவேண்டிய விஷயமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பேசவேண்டிய விஷயந்தான் என்கிறோம் நாம். பெட்டிக்குப் பணம் கொடுக்கிறவர் ஆபீசில் இருக்கிறார். விற்கிறவர் பட்டணத்தில் இருக்கிறார். அந்த வண்டியில் ஏறி மலைச்சரிவில் போகிறவர்களும் வருகிறவர்களும் நம்மவர்கள். யாருடைய உயிர் அந்தப் பெட்டியை நம்பியிருக்கிறதோ, அவர்களுக்கு அதைப் பற்றிப் பேச உரிமை இல்லையென்றால், வேறு யாருக்கு உண்டு?

நிர்வாகங்கள் பலவற்றின் வழக்கம் நாம் அறிந்ததே. மூன்று கடைகளில் விலை கேட்பார்கள். எது குறைவோ அதற்குக் கையெழுத்துப் போடுவார்கள். பேனா வாங்க இந்த முறை சரி. ஆள் ஏற்றும் வண்டிக்கு டிரான்ஸ்பர் பெட்டி வாங்க இந்த முறை சரியல்ல. ஏன் சரியல்ல என்பதைக் காரணத்தோடு சொல்கிறோம்.

பெட்டியின் வேலை என்ன?

எஞ்சினில் பிறக்கும் சக்தி கியர்பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து டிரான்ஸ்பர் பெட்டிக்கு வருகிறது. முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பங்கிட்டுக் கொடுப்பது இந்தப் பெட்டிதான். சாதாரணச் சாலைக்கு 'ஹை', மேட்டுக்கும் சேற்றுக்கும் 'லோ' என்று இரண்டு வேகங்களைத் தருவதும் இதுவே. இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல் ஒன்றும் உண்டு.

இந்த நியூட்ரலை லேசாக நினைக்கக் கூடாது. டிரான்ஸ்பர் பெட்டி நியூட்ரலுக்குப் போய்விட்டால், கியரை முதல் கியரில் போட்டு வைத்திருந்தாலும் சக்கரத்தை எஞ்சின் பிடித்து நிறுத்தாது. சரிவில் நிற்கும் வண்டி உருளும். தேய்ந்த பெட்டி பாரத்தோடு மேடு ஏறும்போது 'லோ'விலிருந்து தானாகத் துள்ளி வெளியே வருவதும் உண்டு. அந்த நேரத்தில் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் கதியை யோசித்துப் பாருங்கள். இது வீண் பயமுறுத்தல் அல்ல. ஜீப் கிராண்ட் செரோக்கி, கமாண்டர் வண்டிகளின் டிரான்ஸ்பர் பெட்டி தானாக நியூட்ரலுக்குப் போகக்கூடும் என்று 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அவ்வண்டிகள் பழுதுபார்க்கத் திரும்ப அழைக்கப்பட்டன. பணக்கார நாட்டின் விலையுயர்ந்த வண்டிக்கே அந்தக் கவலை இருந்தால், நம் தோட்டத்துப் பழைய வண்டிக்கு இருக்க வேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. பழைய லாண்ட்ரோவரின் ஹேண்ட்பிரேக் மற்றக் கார்களைப் போல் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் பெட்டியின் பின்பக்கம் வெளிவரும் தண்டில் இருக்கிறது. அந்தத் தண்டின் ஆயில் சீல் கசிந்தால், எண்ணெய் நேரே பிரேக் டிரம்முக்குள் போகிறது. எண்ணெய் குடித்த பிரேக் எதைப் பிடிக்கும்? ஆகவே பெட்டி வாங்குகிறோம் என்றால் ஹேண்ட்பிரேக்கையும் சேர்த்தே வாங்குகிறோம் என்று அர்த்தம். "கொஞ்சம் ஆயில்தானே கசிகிறது" என்று சொல்லும் அதிகாரியை, சரிவில் நிறுத்திய அந்த வண்டியின் பின்னால் ஐந்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். நிற்பாரா?

"எல்லாப் பெட்டியும் ஒன்றுதான்" என்ற பொய்

பழைய சாமான் கடைக்காரர் சொல்லும் முதல் வார்த்தை இது. இதைப்போல் பெரிய பொய் வேறில்லை.

லாண்ட்ரோவர் 1948இல் பிறந்தது. முதல் சீரிஸ் முதல் 1985இல் முடிந்த மூன்றாம் சீரிஸ் வரை வந்த வண்டிகளில் டிரான்ஸ்பர் பெட்டி கியர்பெட்டியோடு ஒட்டிய ஒரு ஜோடி. தொடக்க கால வண்டிகள் சில நீங்கலாக, வேண்டும்போது மட்டும் முன்சக்கரத்துக்குச் சக்தி கொடுக்கும் அமைப்பு அவற்றுடையது. 1983இல் வந்த ஒன் டென் காலம் முதல், 2016 ஜனவரியில் பழைய டிபெண்டர் உற்பத்தி நின்ற வரையில், பெரும்பாலும் போடப்பட்டது எல்.டி. 230 என்ற பெட்டி. இதில் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் சக்தி போகும். முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற நடுவில் ஒரு டிபரன்ஷியல் உண்டு. சேற்றில் அதைப் பூட்ட ஒரு லாக் உண்டு. சீரிஸ் வண்டியில் எல்.டி. 230ஐ எடுத்து அப்படியே மாட்ட முடியாது. அடாப்டர் வேண்டும், தண்டுகளின் நீளம் மாற வேண்டும், முன் ஆக்ஸிலும் அதற்குத் தக்கதாக இருக்க வேண்டும். "பொருத்திவிடலாம்" என்கிறவர் எதை வெட்டி, எதை ஒட்டிப் பொருத்தப் போகிறார் என்று கேளுங்கள்.

சரி, எல்.டி. 230க்குப் பதில் இன்னொரு எல்.டி. 230 போட்டால் போதாதா? போதாது! டிபெண்டரில் வழக்கமாக இருந்த பெட்டியின் 'ஹை' விகிதம் 1.410. பழைய டிஸ்கவரியிலிருந்து கழற்றிய பெட்டியின் விகிதம் 1.222. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி போல் இருக்கும். டிஸ்கவரி வண்டிகள் நிறைய உடைக்கப்பட்டதால் அந்தப் பெட்டி மலிவாகவும் கிடைக்கும். இரண்டிலும் 'லோ' ஒன்றே, ஏறக்குறைய 3.32. வித்தியாசம் முழுவதும் 'ஹை'யில்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.410 பெட்டியோடு எஞ்சின் 3,000 சுற்று சுற்றும் அதே வேகத்தில், 1.222 பெட்டியோடு 2,600 சுற்றுதான் சுற்றும். நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இது சுகம். சத்தம் குறையும். எண்ணெய்ச் செலவும் குறையலாம். ஆனால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு குறைந்துபோகிறது. ஆளும் பாலும் உரமூட்டையும் ஏற்றிக்கொண்டு செம்மண் மேட்டில் ஏறும் வண்டிக்கு அந்தப் பதின்மூன்று பங்கு சின்ன விஷயமா? இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துமே, அந்தப் பிடிப்பும் அதே அளவு குறையும். அப்புறம் டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்க வேண்டியதுதான். பிரேக் சூடேறும். பிரேக் பிடிக்காமல் போனால் பழி யார் தலையில்? மலிவாக வாங்கியவர் தலையிலா? இல்லை, டிரைவர் தலையில்!

நாம் டிஸ்கவரிப் பெட்டியைக் குறை சொல்லவில்லை. தார்ச்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு அது நல்ல பெட்டி. வேலைக்குத் தக்க பெட்டி வேண்டும் என்பதே நம் வாதம். இதே காரணத்தால், "எவ்வளவு லோ கிடைக்குமோ அவ்வளவு லோ போடு" என்று பந்தய வண்டிக்காரர்களைப் பார்த்து ஆசைப்படும் இளைஞர்களோடும் நமக்குச் சம்மதமில்லை. கியர் எவ்வளவு தாழ்வோ, ஆக்ஸில் தண்டின்மீது ஏறும் முறுக்கும் அவ்வளவு அதிகம். பெட்டியைப் பலப்படுத்தி ஆக்ஸிலை உடைப்பதால் என்ன லாபம்?

பிக்அப் வண்டிகளுக்கும் இதே பாடம்

இன்று பல தோட்டங்களில் லாண்ட்ரோவர் போய் ஜப்பான் பிக்அப் வந்துவிட்டது. ரப்பர் குறைந்து செம்பனை பெருகியது போல இதுவும் ஒரு மாற்றம். அங்கேயும் பெட்டி இரண்டு ஜாதி. பல்சக்கரத்தால் ஓடுவது ஒன்று. சங்கிலியால் ஓடுவது மற்றொன்று. சங்கிலிப் பெட்டி சத்தமில்லாதது, எடை குறைந்தது. ஆனால் பல வருஷம் பாரம் இழுத்த சங்கிலி நீளும். நீண்ட சங்கிலி பாரம் விழும்போது பல்லைத் தாண்டிக் குதிக்கும். ஆகவே 'ஹாப்கட்' கடையில் சங்கிலிப் பெட்டி வாங்குகிறவர் அது முன்பு எந்த வண்டியில், என்ன வேலை செய்தது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. புதிய வண்டிகள் பலவற்றில் கம்பி லீவருக்குப் பதில் மின்மோட்டார்தான் பெட்டியை மாற்றுகிறது. மோட்டாரும் சென்சாரும் பொருந்தாத பெட்டியைப் போட்டால் வண்டி 'லோ'வுக்கே போகாமல் அடம்பிடிக்கும்.

வாங்குவதற்கு முன்

இன்னொரு கேள்வியும் கேட்கிறோம். பெட்டியை மாற்றத்தான் வேண்டுமா? கூடு உடையாமல் இருந்தால், எல்.டி. 230 ஒரு தேர்ந்த மெக்கானிக் பட்டறை மேசையில் பிரித்துச் சேர்க்கக்கூடிய பெட்டி. சீல்களும் பேரிங்குகளும் மாற்றினால் பல பெட்டிகள் மறுபிறவி எடுக்கும். முன்பின் தெரியாத பழைய பெட்டியைவிட, வரலாறு தெரிந்த சொந்தப் பெட்டி மேல். ஆனால் நடுத்தண்டு தாங்கும் துளை தேய்ந்து அகன்றிருந்தால், சீல் மாற்றி ஏமாற முடியாது. கியர்பெட்டித் தண்டு டிரான்ஸ்பர் பெட்டிக்குள் நுழையும் இடத்திலுள்ள பற்கள் தேய்ந்திருந்தால், ஒருநாள் மேட்டில் எஞ்சின் ஓடும், சக்கரம் ஓடாது. அந்தப் பற்களுக்கு எண்ணெய் போகத் துளையிட்ட பிந்திய கால இன்புட் கியரைக் கேட்டு வாங்க வேண்டும்.

பழைய பெட்டிதான் என்று முடிவானால், ஆயிலை வடித்துப் பாருங்கள். உலோகச் சில்லுகள் வந்தால் வேண்டாம். விகிதம் எது என்று கடைக்காரர் வாயைக் கேட்காதீர்கள், பெட்டியையே கேளுங்கள். டிபரன்ஷியல் லாக்கைப் போட்டு, 'ஹை'யில் வைத்து, சக்தி உள்ளே நுழையும் கியரைப் பத்துச் சுற்று சுற்றுங்கள். வெளித்தண்டு ஏழு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால் அது 1.410. எட்டுக்குச் சற்று மேல் சுற்றினால் 1.222. இதற்குப் பட்டப்படிப்பு வேண்டாம், விரல்விட்டு எண்ணத் தெரிந்தால் போதும்.

கிராணிமார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இண்டென்ட் எழுதும்போது 'டிரான்ஸ்பர் பெட்டி – 1' என்று எழுதி விடாதீர்கள். அந்த ஒரு வரிதான் மலிவுச் சரக்குக்கு வாசல் திறந்து விடுகிறது. வண்டியின் மாடலும் வருஷமும், அதோடு சேரும் கியர்பெட்டி எது, 'ஹை' விகிதம் என்ன, ஹேண்ட்பிரேக் எந்த மாதிரி, ஸ்பீடோமீட்டர் இணைப்பு எது என்று ஐந்து விவரமும் எழுதுங்கள். இந்த ஐந்தும் எழுதிய தாளுக்கு வேறு பெட்டி வந்தால், திருப்பி அனுப்ப உங்களிடம் ஆதாரம் இருக்கும். உங்கள் பேனா ஐந்து வரி கூடுதலாக எழுதினால், வண்டியில் ஏறுகிற ஓர் ஆளின் உயிர் மிஞ்சலாம்.

சட்டம் ஊமையல்ல

"பால் விலை விழுந்து கிடக்கிறது, இப்போது எப்படிச் செலவழிப்பது?" என்பார்கள். பெட்டி உடைந்து வண்டி படுத்தால் பால் எப்படி ஸ்டோருக்கு வரும்? உரம் எப்படி மேலே போகும்? கெட்ட பெட்டி இரண்டு முறை வாங்கப்படுகிறது, நல்ல பெட்டி ஒரு முறை. செலவுக் கணக்குப் பார்த்தாலும் வாதம் நம் பக்கமே.

கணக்குக்கு மேலே சட்டமும் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், யந்திர சாதனங்களை ஆபத்தில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. 2024 ஜூன் 1 முதல் அமலிலுள்ள திருத்தத்தின் 26ஏ பிரிவு, உடனடி ஆபத்து உண்டு என்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை தருகிறது. ஆகவே, ஆள் ஏற்றும் வண்டியின் பெட்டியும் பிரேக்கும் அந்தக் குழுவின் மேசைக்கு வர வேண்டும். பெட்டி வாங்குமுன் மெக்கானிக்கின் வார்த்தையையும், தினமும் அந்த மேட்டில் ஏறி இறங்கும் டிரைவரின் வார்த்தையையும் எழுத்தில் வாங்க வேண்டும். புதிய மாதிரிப் பெட்டி வந்தால், தார்ச்சாலையில் லாக்கை எடுப்பது, சேற்றுக்குள் இறங்குமுன் போடுவது போன்ற பழக்கத்தை டிரைவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்காமல் உடைந்த பெட்டிக்கு டிரைவர் சம்பளத்தில் கைவைப்பது நியாயமாகாது.

தோழர்களே! இரும்புக்கு இரக்கம் இல்லை. பொருத்தமாக இருந்தால் உழைக்கும், பொருந்தாவிட்டால் கொல்லும். நாளைக் காலை பெரட்டு முடிந்து வண்டியில் ஏறுமுன் அதன் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். பெட்டியின் பின்பக்கம் எண்ணெய் சொட்டினால், டிரைவரிடம் சொல்லுங்கள், மண்டோரிடம் சொல்லுங்கள், குழுவின் புத்தகத்தில் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். தேதியோடு எழுதியதை எந்தத் துரையும் "எனக்குத் தெரியாது" என்று தள்ளிவிட முடியாது.