கொழுந்துச் சாக்கு பறந்து போனால் தராசு எங்கே இருக்கும்?



கடந்த மாதம் கல்முனைப் பக்கத்து வயல்வரம்பில் நின்று, ஒரு முழுக் காலையும் ஒரு மண்மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வயலுக்கு ட்ரோனால் மருந்தடிக்கும் அவ்வூர் இளைஞர்கள் இருவர், இப்போது சுமை தூக்கும் ட்ரோனையும் பழகுகிறார்கள். நமது தோட்டத்துப் பிள்ளைகள் நால்வரைக் கூட்டிப் போயிருந்தோம். மருதமுனைச் சாரம் விற்கும் நானாமார் நம் லயங்களுக்கு வருவது பழைய கதை. நாம் அங்கே தொழில் பழகப் போனது இதுவே முதல் தடவை.

பறக்கவிடுவது பெரிய வித்தை இல்லை; பாதியைக் கருவியே பார்த்துக்கொள்கிறது. வித்தை கயிற்றில் இருக்கிறது. மூட்டைக்கு நேர் மேலே நின்று நிதானமாகத் தூக்க வேண்டும். சரித்து இழுத்தால் மூட்டை ஊஞ்சலாடும். வேகமாகப் போய்ச் சட்டென்று நிறுத்தினாலும் ட்ரோன் நிற்கும், சுமை நிற்காது. அப்போது எதிர்த்து இழுக்கக் கூடாது. மூட்டை ஆடும் பக்கமாகவே ட்ரோனை மெல்ல நகர்த்தித்தான் ஆட்டத்தை அடக்க வேண்டும். நம் பிள்ளைகள் மூன்று முறை மூட்டையை வாய்க்காலில் இறக்கினார்கள். யாரும் ஏசவில்லை. ஒரு பிள்ளை மூட்டைக்குக் கீழே போனபோது மட்டும் எல்லாம் நின்றது. “கீழ ஆள் நிண்டா தூக்கக் கூடாது தம்பி” என்று சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

அந்த ஊர்கள் இதைப் பழகுவதற்குக் காரணம் உண்டு. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் பாய்ந்தபோது, மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது, பிள்ளைகள் இறந்தார்கள். இந்த ட்ரோன் ஆளை ஏற்றாது. ஆனால் பாதை மூடிய ஊருக்கு மருந்து கொண்டுபோக இன்னோர் உயிரைத் தண்ணீரில் இறக்கத் தேவையில்லை. 2025 டித்வா புயலில் மண்சரிவு கண்ட நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

மலைக்குக் கணக்கு வேறு. ஃப்ளைகார்ட் 30 என்ற ட்ரோன் இரண்டு பற்றரியுடன் 30 கிலோ தூக்கும் என்கிறார்கள். அதே ட்ரோன் 2024 ஏப்ரலில் எவரெஸ்டில், அடிவார முகாமிலிருந்து சுமார் 6,000 மீற்றர் உயரத்துக்கு ஏற்றியது 15 கிலோதான். சேர்பாக்கள் முதுகில் சுமந்த ஒட்சிசன் உருளைகள் மேலே போயின, குப்பை கீழே வந்தது. உயரம் கூடக் காற்று மெலிகிறது, தூக்கும் பலமும் குறைகிறது. நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே. மூடுபனியும், மலை இடுக்கில் சுழலும் காற்றும் வேறு. கடற்கரையில் பார்த்ததை வைத்து எந்தக் கம்பனி கணக்குச் சொன்னாலும் நாம் இதைக் கேட்க வேண்டும்.

சீனாவில் மலைத் தோட்டத்துத் தோடம்பழம் ஏற்கனவே ட்ரோனில் இறங்குகிறது. கொழுந்துக்கும் ஒருநாள் வரும். தலைச்சுமை குறைந்தால் நமக்குச் சந்தோஷம்தான். அட்டைக்கடியோடு சாக்கைத் தூக்கி மடுவத்துக்கு நடப்பதை யாரும் ஆசைப்பட்டுச் செய்யவில்லை. ஆனால் மடுவத்தில் நம் கண்முன்னே நிறுக்கும்போதே ஈரம் என்றும் சாக்கு என்றும் கிலோ கழிகிறது. சாக்கு மலையிலிருந்து நேரே தொழிற்சாலைக்குப் பறந்தால் யார் நிறுப்பது? சில ட்ரோன்களில் சுமையின் நிறை ரிமோட்டின் திரையில் தெரியும். பறித்த அக்காவுக்குத் தெரியாது. ஆகவே சாக்கு எழும்பும் முன் அவர் முன்னிலையில் நிறுத்து, எழுதி, துண்டைக் கையில் கொடுக்க வேண்டும். குளவிக்கூடு உள்ள மலையில் அந்த இரைச்சல் என்ன செய்யும் என்பதை, ஆட்கள் வேலையில் இல்லாத நாளில் முதலில் பார்க்க வேண்டும்.

ரிமோட் யார் கையில் என்பதும் இப்போதே பேசவேண்டியது. இன்று சாக்கு தூக்குகிறவர்களின் வேலை போய், வெளியிலிருந்து ஒருவர் வந்து இயக்கிவிட்டுப் போவதை ஏற்க முடியாது. பயிற்சிச் செலவும், சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் பதிவுச் செலவும் கம்பனியுடையவை. அடுத்த கூட்டுப் பேச்சுவார்த்தையில் இதை வைக்கப்போகிறோம். அதற்கு முன் பழக விரும்பும் பிள்ளைகளின் பெயர்களைத் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ கொடுங்கள். கல்முனைக்குப் போன நால்வரும் பையன்கள். இந்தமுறை பெண்பிள்ளைகளின் பெயர்களும் வேண்டும்.