காலணியும் பொறுப்பும்

கடையில் விற்கும் விளையாட்டுக் காலணியில் நிறுவனத்தின் சின்னம் பெரிதாகத் தெரியும். அதைத் தைத்தவர் யார் என்பது தெரியாது. பெரும்பாலும், தைத்த தொழிற்சாலை அந்நிறுவனத்துக்குச் சொந்தமானதும் அன்று.

ஜெர்மனியின் அடிடாஸ், அமெரிக்காவின் நைக்கி ஆகியவை வடிவமைப்பையும் விற்பனையையும் தம்மிடம் வைத்துக்கொண்டு, உற்பத்தியைப் பிறரிடம் ஒப்படைக்கின்றன. பலமனேருக்கு அண்டையிலுள்ள திருப்பதி மாவட்டத்தில், தடாவை அடுத்த மாம்பட்டில், அப்பாச்சி என்னும் தைவான் நிறுவனம் அடிடாஸுக்குக் காலணி செய்கிறது. தமிழ்நாட்டின் செய்யாற்றில் மற்றொரு தைவான் குழுமத்தின் தொழிற்சாலை நைக்கிக்குச் செய்கிறது. இரண்டிலும் உழைப்போரில் பெரும்பாலோர் பெண்கள். மழையை நம்பிய வேளாண் கூலியோடு ஒப்பிட்டால், மாதந்தோறும் வரும் ஊதியம் குடும்பத்துக்குப் பெருந்துணை. இந்நன்மையை மறுத்தல் நேர்மையாகாது.

எனினும், வணிகத்தின் இடர்கள் கீழ்நோக்கியே இறங்குகின்றன. மக்களின் விருப்பம் மாறும், சுங்கவரி உயரும், 2020இல் கொரோனாவால் உலகெங்கும் கடைகள் மூடப்பட்டன. அப்போதெல்லாம் பெருநிறுவனம் விலையைக் குறைக்கக் கேட்டால், தொழிற்சாலை வேலையின் வேகத்தைக் கூட்ட முற்படும். அச்சுமை முடிவில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர் தோளிலேயே விழும்.

“தொழிற்சாலை எமதன்று” என்னும் விடை இதற்குப் போதாது. மேஸ்திரியை அமர்த்தி வீடு கட்டுவோரும், சித்தாளுக்குக் கூலி சேர்ந்ததா எனக் கேட்பதே முறை. 1996இல் பாகிஸ்தானில் சிறுவன் ஒருவன் நைக்கிப் பந்தைத் தைக்கும் படத்தை ‘லைஃப்’ இதழ் வெளியிட்டது. மக்களின் எதிர்ப்பு வலுத்தது. 1998இல் அந்நிறுவனத் தலைவர் ஃபில் நைட், தம் நிறுவனத்தின் பெயர் குறைந்த கூலிக்கும் கட்டாய மிகைநேர வேலைக்கும் அடையாளமாகிவிட்டதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். காலணித் தொழிற்சாலைகளில் குறைந்தபட்ச வயதை 18 ஆக உயர்த்தினார். 2005இல் தொழிற்சாலைகளின் பட்டியலும் வெளியாயிற்று. கேள்வி கேட்டவர்களாலேயே இம்மாற்றம் வந்தது.

ஊதியம் உயர்ந்தால் தொழில் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்பர் சிலர். ஒரு காலணியின் கடைவிலையில் தைப்பவரின் கூலி மிகச் சிறு பங்கே. அதைச் சற்று உயர்த்துவதால் நிறுவனம் நலிந்துவிடாது. தொழிலும் வேண்டும், தொழிலாளர் குறைகூறும் உரிமையும் வேண்டும். சின்னத்தால் ஈட்டும் பெருமையை ஏற்பவர், அச்சின்னத்தைத் தைத்த கைகளின் நலத்துக்கும் பொறுப்பேற்றல் வேண்டும்.

சிந்தித்து எழுதுக:
1. வணிக இடரின் சுமை யார்மீது விழுகிறது? ஏன்?
2. பொருளை வாங்குவோருக்கும் பொறுப்பு உண்டா? உம் கருத்தை எழுதுக.