தெருவில் நிற்கும் அந்நியர்

"ஞாயிறன்று கோடைக்கானல் சந்தைப்பக்கம் நடக்க முடியவில்லை, ஒரே கூலிக்காரர் கூட்டம்!" என்று திருப்பலி முடிந்து வரும் நம்மவரே முணுமுணுக்கின்றனர். வார இறுதியில் சுற்றுலா வாகனங்கள் நாளொன்றுக்கு 6,000-க்கு மேல் ஏறலாகாதென 2025-இல் உயர் நீதிமன்றம் தடுக்க நேர்ந்ததே, அது கூட்டமில்லையோ?

1863-இல் லெவிஞ்ச் ஏரி அமைத்தார், 1872-இல் கோக்கர் நடைபாதை கண்டார் என்கிறோம். மண் சுமந்தவர் யாரோ? 1964 ஒப்பந்தத்தின் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்து இம்மலைக்காடுகளில் உழைத்தோருக்குச் 'சிலோன்காரர்' என்றே பெயர். இன்று கட்டட வேலைக்கு வந்திருப்போருக்குத் தகரக் கொட்டகையே வீடு. ஆறு நாள் உழைத்தவன் அரிசி வாங்கவும், ஊர்க்காரனைக் காணவும், அடுத்த வாரக் கூலி பேசவும் தெருவையன்றி எங்கே போவான்? கோக்கர் நடைபாதைக்கோ நுழைவுக் கட்டணம்!

எகிப்தில் அந்நியராயிருந்ததை மறவாதீர் எனக் கட்டளை பெற்ற நாம், ஞாயிறு மாலை வரையிலாவது ஆலய வளாகத்தைப் பூட்டாதிருக்கலாமே.