பிஞ்சு வயிறும் காலை இனிப்பும்

 

எங்கள் பரமத்தி வேலூரில் ஃபஜ்ருத் தொழுகை முடிந்து, காவிரிக் கரையின் வெற்றிலைக் கொடிக்கால்களில் பனி விலகுமுன்னரே மக்தபுக்குப் பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுவர். சென்ற ஆண்டு அவ்வாறு வந்து சேர்ந்த ஒரு சிறுவனுக்கு வயது நான்கரை. அறிவுள்ள பிள்ளை; ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் மறுமுறை தானே சொல்வான். ஆயினும் 'ஃபா' என்னும் எழுத்தும், 'ஸா', 'தால்' என்னும் எழுத்துகளும் மட்டும் அவன் நாவில் நிற்கவேயில்லை.

அரபு எழுத்துகளின் பிறப்பிடத்தை 'மக்ரஜ்' என்போம். கீழுதடு மேல் முன்பற்களின் நுனியைத் தொட்டால்தான் 'ஃபா' பிறக்கும். நாவின் நுனி அதே பற்களின் நுனியைத் தொட்டால்தான் மற்ற இரண்டும் பிறக்கும். பத்து நாட்கள் பொறுமையாகத் திருத்தினேன். பதினோராம் நாள் கடிந்துகொண்டேன். பிள்ளை வாய்விட்டு அழுதுவிட்டான். அப்போதுதான் கண்டேன். தொடுவதற்கு அங்கே பற்களே இல்லை! மேல் முன்பற்கள் நான்கும் கருத்துக் கரைந்து, ஈறோடு ஒட்டிய முளைகளாக நின்றன. இல்லாத பல்லைத் தொடு என்றல்லவா ஒரு குழந்தையைக் கடிந்துகொண்டேன்! அன்று என் உள்ளம் பட்ட பாட்டை அல்லாஹ்வே அறிவான்.

அழைத்துச் செல்ல வந்த தாயாரிடம், "பிள்ளை காலையில் என்னம்மா சாப்பிடுகிறான்?" என்று வினவினேன்.

"டீயில நாலு பிஸ்கட் தொட்டுத் தின்பான் ஹஜ்ரத். அப்புறம் பால்ல பவுடர் போட்டு, ரெண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டுக் கொடுப்பேன். இட்லி வெச்சா மெல்ல மாட்டேங்கிறான். பல்லு வலிக்குதுங்கிறான்" என்றார் அந்தச் சகோதரி.

இனிப்பினால் பல் போயிற்று. பல் போனதால் இட்லியை மெல்ல முடியவில்லை. மெல்ல முடியாததால் மீண்டும் இனிப்பே உணவாயிற்று. செக்குமாடு போல் இந்தப் பிள்ளை ஒரே வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருப்பதை அன்று புரிந்துகொண்டேன்.

பிள்ளை பார்ப்போர் சொல்வது என்ன?

அச்சிறுவன் மக்தபு முடிந்து அங்கன்வாடிக்குச் செல்பவன். அங்குள்ள ஆசிரியை அம்மையாரைச் சந்தித்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிஞ்சுகளைப் பேணி வருபவர். அவர் கூறியது இது:

"காலையில இட்லியோ பழைய சோறோ சாப்பிட்டு வர்ற புள்ளை எது, பிஸ்கட்டு தின்னுட்டு வர்ற புள்ளை எதுன்னு பதினொரு மணிக்கு நான் பிரிச்சுச் சொல்லிருவேனுங்க ஐயா. பிஸ்கட்டு தின்ன புள்ளை அந்நேரத்துக்குச் சோர்ந்து படுத்துக்கும், இல்லாட்டி சும்மா சிணுங்கும். பசின்னு அதுக்குச் சொல்லத் தெரியாதுங்க. மத்தியானம் சோறும் முட்டையும் வெச்சா, முட்டையைத் தள்ளிட்டு இனிப்பு கேக்கும்."

நாமக்கல் மாவட்டத்து முட்டை நாடெங்கும் போகிறது. தமிழக அங்கன்வாடிகளில் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று முட்டைகள் வழங்கப்படுகின்றன. அந்த முட்டையை இந்த மண்ணின் பிள்ளையே தள்ளிவைக்கிறது என்றால், இனிப்பு அதன் நாவை எவ்வளவு ஆண்டுவிட்டது!

தனியார் மழலையர் பள்ளியொன்றில் ஆயாவாகப் பணிபுரியும் மூதாட்டி வேறொன்றைச் சொன்னார். ஒரு பிள்ளையின் டப்பாவில் கிரீம் பிஸ்கட் இருந்தால், பக்கத்துப் பிள்ளை தன் தோசையைத் தொடாதாம். மறுநாள் அந்த வீட்டிலிருந்தும் பிஸ்கட்டே வருமாம். வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் கைக்குழந்தைகளைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் எங்கள் தெருச் சகோதரி ஒருவர், சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கப் பழகிய குழந்தைகளைப் பற்றி வருந்தினார்.

மூவரும் தனித்தனியே ஒன்றைச் சொன்னார்கள்: பெற்றோரிடம் இதைச் சொல்ல அவர்களுக்குத் தயக்கம். "எம்புள்ளைக்கு என்ன கொடுக்கணும்னு எனக்குத் தெரியாதா?" என்ற ஒரு கேள்வியில் அவர்கள் வாய் அடைபட்டுவிடுகிறது. பகலெல்லாம் நம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். நாமோ அவர்களிடம் "பிள்ளை அழுதானா?" என்று கேட்கிறோம், "ஏன் அழுதான்?" என்று கேட்பதில்லை.

ஒரு செய்தியில் மட்டும் அவர்களைத் திருத்த வேண்டியுள்ளது. இனிப்பு தின்றால் பிள்ளை அடங்காமல் ஆட்டம் போடும் என்று மூவருமே நம்புகின்றனர். பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 1995-இல் வெளியான அமெரிக்க மருத்துவ ஆய்வு, சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதாகக் காணவில்லை. ஆகவே செய்யாத குற்றத்தைச் சர்க்கரை மீது சுமத்த வேண்டாம். அது செய்யும் குற்றங்களே போதும்!

கணக்குப் பார்ப்போம்

வாயிலுள்ள நுண்கிருமிகள் சர்க்கரையை உண்டு அமிலத்தை உமிழ்கின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கிறது. பிஸ்கட் மாவு பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்வதால் அரிப்பு நெடுநேரம் தொடரும். புட்டிப் பாலோடு உறங்கும் குழந்தைக்கு இரவெல்லாம் தொடரும். "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்பர் பலர். ஆனால் பின்னால் வரும் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது பால் பல்லே. அது சொத்தையானால் வலி, சீழ், உறக்கமின்மை, உண்ண மறுத்தல் எனத் துன்பங்கள் தொடரும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் ஓர் அளவை வகுத்தது. நாம் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து பெறும் ஆற்றல், அன்றாட உணவின் மொத்த ஆற்றலில் பத்து சதவீதத்தைத் தாண்டலாகாது. ஐந்து சதவீதத்துக்குள் அடங்கினால் மேலும் நன்று. நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,300 கலோரி தேவை எனக் கொண்டால், ஐந்து சதவீதம் என்பது 16 கிராம். அதாவது நான்கு சிறு தேக்கரண்டி.

இப்போது அச்சிறுவனின் காலையைப் பாருங்கள். பாலில் இரண்டு கரண்டிச் சர்க்கரை, 8 கிராம். சாதாரண பிஸ்கட் நான்கில் ஏறத்தாழ 5 கிராம். பாலில் கலக்கும் பவுடரில் உள்ளது தனி. மக்தபு மணி ஒன்பதைத் தொடுமுன்னரே அன்றைய நாளின் பங்கு ஏறக்குறைய முழுதும் தீர்ந்துவிட்டது! அவன் வயிற்றிலோ காய்கறி ஏதும் இல்லை.

பவுடர் டப்பாக்களைப் பற்றியும் ஒரு சொல். அவற்றைச் சத்துப் பானம் என்றே நாம் வாங்கினோம். 2023-இல் போர்ன்விட்டாவிலுள்ள சர்க்கரை பற்றி நாடெங்கும் கேள்வி எழுந்தது. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆரோக்கிய பானம்' என்றொரு வகையே இல்லை என்றும், இத்தகைய பானங்களை அந்தத் தலைப்பின்கீழ் விற்க வேண்டாம் என்றும் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அதே மாதத்தில், சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் விற்ற செரிலாக் குழந்தை உணவில் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 3 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்ததையும், ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் சேர்க்கப்படவில்லை என்பதையும் வெளிக்கொணர்ந்தது. பின்னர் 2024 அக்டோபரில், சுத்திகரித்த சர்க்கரை சேர்க்காத வகைகளை இந்தியாவில் கொண்டு வருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. விளம்பரத்தை நம்புமுன் டப்பாவின் முதுகைத் திருப்பி 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' எவ்வளவு என்று பார்ப்பது இனி நம் கடமை.

இரண்டு வயது நிறையும் வரை குழந்தைக்குச் சர்க்கரையே சேர்க்க வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேனும் ஆகாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பிஞ்சுக் குடலுக்கு நஞ்சாகலாம்.

வெல்லம் விளையும் ஊரில்

"சர்க்கரைதானே தீது? நாங்கள் வெல்லமல்லவா போடுகிறோம்!" என்பார் உண்டு. எங்கள் பகுதியில் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்கு உருண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் சிப்பம் சிப்பமாக வருகின்றன. மோகனூரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பால் வாழும் குடும்பங்கள் ஏராளம். வெல்லத்தில் சிறிதளவு தாதுக்கள் உண்டு என்பது உண்மையே. எனினும் பல்லை அரிக்கும் கிருமிக்கு வெல்லமும் வெள்ளைச் சர்க்கரையும் ஒன்றே. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தேனும் பழச்சாறும்கூட அடங்கும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவிலும் வெல்லம் கலந்தே உள்ளது. ஆகவே அதைக் கஞ்சியாகக் காய்ச்சும்போது மேலும் ஒரு கரண்டி சர்க்கரை போடத் தேவையில்லை என்றார் அந்த ஆசிரியை அம்மையார்.

தாய் மட்டுமா பொறுப்பு?

இவ்வளவும் படித்துவிட்டு இல்லத்தரசியை நோக்கி விரலை நீட்டும் சகோதரர்களுக்கு ஒன்று சொல்வேன். விடியுமுன் எழுந்து, மாமியாருக்குக் கஷாயம், கணவருக்குச் சாப்பாடு, மூத்த பிள்ளைக்குச் சீருடை எனச் சுழலும் பெண்மணிக்குக் கடைக்குட்டிக்கு ஊட்ட நேரம் எங்கே? ஓர் இட்லியை ஊட்ட அரைமணி நேரம். பிஸ்கட்டுக்கு இரண்டு நிமிடம். அந்த அரைமணி நேரத்தில் நாம் தேநீர்க் கடையில் செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருக்கிறோம்! திரும்பும்போது கையில் வாங்கி வருவதும் ஒரு பிஸ்கட் பொட்டலமே. ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, தம் பொறுப்பிலுள்ளவர் பற்றி விசாரிக்கப்படுவார் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது (நூல்: புகாரி), ஆண்மகனையும் அவர்தம் வீட்டாருக்குப் பொறுப்பாளராகவே குறிப்பிட்டார்கள்.

பெருமானார் (ஸல்) அவர்களுக்கு இனிப்பும் தேனும் விருப்பமானவை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இனிப்பு நமக்கு ஹலாலான அருட்கொடை. அதை வெறுக்கச் சொல்லவில்லை. ஆனால் பேரீச்சங்கனியை அவர்கள் வெள்ளரிக்காயுடன் சேர்த்து உண்டதையும் புகாரி நூலில் காண்கிறோம். உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்பது திருமறையின் கட்டளையுமாகும் (7:31).

தம் பராமரிப்பில் வளர்ந்த சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்களின் கை உணவுத் தட்டில் அங்குமிங்கும் அலைந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அதட்டவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், அருகிலிருப்பதை உண்ணுமாறு கனிவோடு கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் அச்சிறுவருடன் ஒரே தட்டில் அமர்ந்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். உடன் அமர்ந்து உண்பவரிடமிருந்தே குழந்தை உண்ணக் கற்கிறது.

செய்யத் தக்கவை

தமிழக அரசு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவற்றைக் காய்கறிச் சாம்பாருடன் வகுத்தது. முதற்பட்டியலில் இனிப்பு வெள்ளிக்கிழமை கேசரி மட்டுமே. நம் வீட்டுக்கும் இது நல்ல முன்மாதிரி. வாரத்தில் ஒருநாள் இனிப்பு. மற்ற நாட்களில் இட்லி, தோசை, ராகிக் கூழ், பாசிப்பயறு, அவித்த முட்டை. இனிப்பு வேண்டுமென்று அடம் பிடித்தால், நம் காவிரிக்கரைப் பூவன் பழம் ஒன்று போதுமே!

பாலில் சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம்; வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். பிள்ளையின் நா தானே பழகிக்கொள்ளும். இரவு பல் துலக்கிய பின் தண்ணீரன்றி வேறெதுவும் தராதீர்கள். பிள்ளையை அழைக்கச் செல்லும்போது, "இன்று எப்படிச் சாப்பிட்டான்?" என்று ஆசிரியையிடம் நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள். அவர்கள் தயக்கம் அதிலேயே கரைந்துவிடும்.

இறுதியாக, என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். மக்தபு அலமாரியில் ஒரு மிட்டாய் டப்பா இருந்தது. சூரா ஒப்பித்த பிள்ளைக்கு ஒரு மிட்டாய்! வெறும் வயிற்றோடு வந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அன்றைய முதல் உணவை என் கையாலேயே மிட்டாயாகக் கொடுத்திருக்கிறேன். பிள்ளையின் தாயிடம் விளக்கம் கேட்ட நான், அந்த டப்பாவைப் பல ஆண்டுகளாகக் காணவில்லை. இப்போது அதில் வறுத்த பொட்டுக்கடலை இருக்கிறது. மிகச் சிறியவர்களுக்குப் பொடித்துத் தருகிறேன். முதல் வாரம் முகம் சுளித்தார்கள். இன்று கேட்டு வாங்குகிறார்கள், அல்ஹம்து லில்லாஹ்.

அச்சிறுவனைப் பல் மருத்துவரிடம் காட்டினார்கள். இரண்டு பற்களை எடுக்க வேண்டியதாயிற்று. வலி தீர்ந்தபின் குழைந்த இட்லியில் தொடங்கி, இப்போது முட்டையும் உண்கிறான். மேல் முன் நிலைப்பற்கள் ஏழெட்டு வயதில்தான் முளைக்கும். அதுவரை அவனது 'ஃபா' வெறுங்காற்றாகவே வெளிவரும். நான் அதைத் திருத்துவதில்லை. அந்தக் காற்று, திருந்த வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாமே என்பதை ஒவ்வொரு காலையும் என் காதில் ஓதிச் செல்கிறது.

நம்மிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட பிஞ்சு உடல்களைப் பேணும் அறிவையும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.